திறந்த மடல்: அடுத்த டவருக்குக் குழி தோண்டும் முன்

தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்துக்கும், கேரள மாநில மின்சார வாரியத்துக்கும், இந்த இருவரும் மற்ற தென் மாநிலங்களோடு ஒரே மேசையில் உட்காரும் பெங்களூரு தென் மண்டல மின் குழுவுக்கும்,

வணக்கம்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் நார் மில் நடத்துகிறவன். தோப்பு, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி தாலுகாவில் இருக்கிறது. மாதாமாதம் இரண்டு மாநிலத்துக்கும் கரண்ட் பில் கட்டுகிறேன் என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே ஒரு மடல். நான் இன்ஜினீயர் இல்லை. ஆனால் மோட்டாரை நம்பிப் பிழைக்கிறவனுக்கு வோல்டேஜும், இழுக்கும் கரண்டில் வேலை செய்யும் பங்கு எவ்வளவு என்று சொல்லும் பவர் ஃபேக்டரும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துபோகும். புரியாததை மத்திய மின்சார ஆணையத்தின் அறிக்கைகளை உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

கேட்பது இதுதான். எங்கள் பக்கம் அடுத்த ஹை டென்ஷன் லைனுக்கு டவர் நட ஆள் அனுப்பும் முன், இருக்கிற லைனை முழுக்கப் பயன்படுத்தவும் கிரிட்டை, அதாவது மின் நிலையங்களையும் லைன்களையும் இணைக்கும் வலையை, ஆடாமல் நிறுத்தவும் வந்திருக்கிற கருவிகளை எவ்வளவு தூரம் பரிசீலித்தீர்கள் என்ற கணக்கை எங்கள் முன் வையுங்கள். அந்தக் கருவிகளை வாங்குவது என்று முடிவானால், பெட்டிக்கு விலை கொடுக்காமல் பெட்டி செய்யும் வேலைக்கு விலை கொடுங்கள்.

இந்தக் கருவிகளுக்கு உலகச் சந்தை இப்போது வேகமாக வளர்கிறது. வோல்டேஜைக் காக்கும் ஸ்டாட்காம், எஸ்விசி, சின்க்ரனஸ் கன்டென்சர், உயர் அழுத்தத்தில் டிசி கரண்ட் அனுப்பும் எச்விடிசி, கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கும் இன்வெர்ட்டர் வைத்த பேட்டரி என்று பெயர்கள் நீளும். ஏன் வளர்கிறது என்பதும் ஊரறிந்த சங்கதிதான். நிலக்கரி நிலையங்கள் மூடுகின்றன, காற்றும் வெயிலும் அந்த இடத்துக்கு வருகின்றன, டேட்டா சென்டர்கள் கரண்டைக் குடிக்கின்றன. இந்தியாவில் மட்டும் 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காமல் எடுக்கும் 500 கிகாவாட் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல 2.44 லட்சம் கோடி ரூபாய்க்குத் தொடரமைப்புத் திட்டம் ஒன்றை மத்திய மின்சார ஆணையம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. இவ்வளவு பணம் நடமாடும் இடத்தில் விற்பவர்கள் தானாக வருவார்கள். எங்கள் கவலை வாங்குகிறவர்களைப் பற்றியது.

எங்கள் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக் கொடுத்த முப்பது கிலோமீட்டர் அகல இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் இதற்குள் நுழைந்து வரும் காற்று கஞ்சிக்கோட்டில் தொடங்கி கோமங்கலம், உடுமலை, குடிமங்கலம், பொங்கலூர், பல்லடம் வரைக்கும் காத்தாடிகளைச் சுற்றவைக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; இங்கே அது மெகாவாட்டாக மாறுகிறது. கோவை, திருப்பூர் ஸ்பின்னிங் மில்கள் பலவற்றின் கணக்குப் புத்தகம் இந்தக் காற்றை நம்பித்தான் எழுதப்படுகிறது. ஆனால் காற்று நன்றாக வீசும் நாளில்தான் 'நிறுத்து' என்று உத்தரவும் வருகிறது. லைன் தாங்காது, வோல்டேஜ் நிற்காது என்று காரணம் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு. எந்த நாளில் எது காரணம் என்று மில்காரர்களுக்கும் தெரிவதில்லை, ஊருக்கும் தெரிவதில்லை.

முதலில் வோல்டேஜ். இதை என் மில்லில் இருந்தே சொல்கிறேன். மட்டை அடிக்கும் மெஷினின் மோட்டார் சுற்ற, வேலை செய்யும் கரண்ட் போக, காந்தப் புலத்தை உண்டாக்க இன்னொரு பங்கு கரண்டும் வேண்டும். அதுதான் ரியாக்டிவ் பவர். மீட்டர் ரூமுக்குப் பக்கத்துச் சுவரில், நார்த் தூசி அப்பிக் கிடக்கும் தகரப் பெட்டிக்குள் இருக்கிற கெப்பாசிட்டர்கள் அதைப் பக்கத்திலேயே நின்று கொடுக்கின்றன. எங்கள் எலக்ட்ரீஷியன் வந்தால் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஒயராக டாங் டெஸ்டரை மாட்டிப் பார்ப்பார். ஆம்ப்ஸ் குறைத்துக் காட்டினால் அந்தக் கெப்பாசிட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். வயிறு உப்பியிருந்தால் டெஸ்டரே வேண்டாம். செத்ததை மாற்றாமல் ஓட்டினால் லைனில் கரண்ட் கூடும், வோல்டேஜ் இறங்கும், மோட்டார் காயில் சூடேறும். ஹை டென்ஷன் இணைப்பு வைத்திருக்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் பவர் ஃபேக்டர் 0.9-க்குக் கீழே போனால் அபராதமும் உண்டு.

ரியாக்டிவ் பவருக்கு ஒரு குணம்: தூரத்தில் இருந்து கொண்டுவர முடியாது, வரும் வழியிலேயே தீர்ந்துபோகும். தேவைப்படும் இடத்திலேயே உற்பத்தியாக வேண்டும். அதனால்தான் என் மில்லில் பெட்டி இருக்கிறது. இதையே 400 கிலோவோல்ட் அளவில் செய்தால் அது எஸ்விசி, ஸ்டாட்காம். சாதாரணக் கெப்பாசிட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. வோல்டேஜ் 90 சதவீதமாக இறங்கினால் அது கொடுப்பது 81 சதவீதமாகிவிடும். அதாவது உதவி அதிகம் வேண்டிய நேரத்தில் கை சுருங்கும். எஸ்விசியிலும் எல்லையைத் தொட்டபின் இதே கதைதான். ஸ்டாட்காமில் மின்னணு ஸ்விட்சுகள் இருப்பதால் வோல்டேஜ் சரிந்தாலும் கரண்டை விடாமல் தள்ளும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். வோல்டேஜ் ஏறினால் இழுத்துக்கொள்ளவும் செய்யும். உடுமலைப்பேட்டை 400 கிலோவோல்ட் துணை மின் நிலையத்தில் 200 மெகாவார் (ரியாக்டிவ் பவரை அளக்கும் அலகு) கொடுக்கவும் எடுக்கவும் கூடிய ஸ்டாட்காம் ஒன்று இருக்கிறது. அந்த நிலையத்தில் இருந்துதான் பாலக்காட்டுக்கு 400 கிலோவோல்ட் லைன் போகிறது. ஆக, உடுமலையில் இருக்கும் பெட்டி கொழிஞ்சாம்பாறைக்கும் காவல். செக்போஸ்ட்டில் நிற்பதற்கு வோல்டேஜ் என்ன லாரியா?

அடுத்தது இனர்ஷியா. இது கொஞ்சம் நுட்பமான விஷயம். பழைய ஆயில் இன்ஜினின் பெரிய ஃபிளைவீலைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்: திடீரென்று பாரம் ஏறினாலும் அந்தக் கனம் இரண்டு மூன்று சுற்று இழுத்துக் கொடுக்கும், அதற்குள் இன்ஜின் சுதாரித்துக்கொள்ளும். நிலக்கரி, நீர், அணு மின் நிலையங்களில் சுற்றும் ஜெனரேட்டர்களின் கனம்தான் கிரிட்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கிறது. சோலார் பேனலுக்குச் சுற்றும் பொருளே கிடையாது. புதுக் காத்தாடி சுற்றினாலும் நடுவில் இன்வெர்ட்டர் நிற்பதால் அதன் கனம் கிரிட்டுக்கு எட்டாது. மத்தியானம் வெயிலில் கிரிட் நிறைந்திருக்கும்போது அனல் நிலையங்களைக் குறைக்கச் சொல்கிறார்கள். கனமும் கூடவே குறைகிறது. அந்த நேரத்தில் ஒரு பெரிய யூனிட் டிரிப் ஆனால் அதிர்வெண் முன்பைவிட வேகமாக இறங்கும். இதற்கான மருந்துகளில் பழையது சின்க்ரனஸ் கன்டென்சர்: எதையும் எரிக்காமல் கிரிட்டோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மெஷின். கனமும் கொடுக்கும், ரியாக்டிவ் பவரும் கொடுக்கும், ஷார்ட் சர்க்யூட் ஆனால், லைனைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவிகளான ரிலேக்கள் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கரண்டும் கொடுக்கும்.

இதையெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. நடந்திருக்கிறது என்பதால் எழுதுகிறேன். 2016 செப்டம்பர் 28 அன்று சூறாவளிக் காற்றில் டவர்கள் சாய, தென் ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. டவர் சாய்ந்தது மட்டும் காரணமில்லை. வோல்டேஜ் அடுத்தடுத்துச் சரிந்தபோது, எத்தனை முறை தாங்கலாம் என்று காத்தாடிகளுக்குள் வைத்திருந்த ஒரு செட்டிங் அவற்றைக் கழற்றிவிட்டது. அதுதான் கடைசி அடி. பிறகு அங்கே நான்கு சின்க்ரனஸ் கன்டென்சர்கள் நிறுவி 2021-ல் ஓடவிட்டார்கள். அதற்குப் பிறகு, கிரிட் ஆடாமல் இருப்பதற்காக மட்டும் கட்டாயமாக ஓட்டிய கேஸ் யூனிட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது.

ஸ்பெயின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2025 ஏப்ரல் 28, மத்தியானம் 12:33. ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே மூச்சில் அணைந்தன. வோல்டேஜ் இறங்கி விழவில்லை, ஏறி விழுந்தது. ஏறிய வோல்டேஜில் ஒவ்வொரு நிலையமாகக் கழன்றுகொள்ள, கழன்றதால் வோல்டேஜ் இன்னும் ஏறியது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அங்கே இருந்த சோலார், காற்றாலை இன்வெர்ட்டர்களில் பலவற்றுக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் திறமை இருந்தது. ஆனால் நிலையான பவர் ஃபேக்டரில் ஓடினால் போதும் என்று விதி சொன்னது, அவையும் அப்படியே ஓடின. விதியை மாற்றியது 2025 ஜூனில், விழுந்த பிறகு. ராஜஸ்தானிலும் 2022-ல் இருந்து ஒரே அடியில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சோலார் கழன்றுபோன நிகழ்வுகள் உண்டு. மத்திய மின்சார ஆணையமே அதை ஆராய்ந்திருக்கிறது. எங்கள் கணவாயில் இன்னும் 225, 250 கிலோவாட் பழைய காத்தாடிகள் சுற்றுகின்றன. வோல்டேஜ் சரிவைத் தாங்கி நிற்க வேண்டும் என்ற விதி 2013 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் நட்டவற்றில் பல, கரண்டைக் கொடுக்கும்போதே ரியாக்டிவ் பவரைக் கிரிட்டில் இருந்து உறிஞ்சும் ரகம். தமிழ்நாடு அரசு பழைய காத்தாடிகளை மாற்ற 2024-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. நல்ல கொள்கை. மாற்றும்போது வெறும் உயரத்தையும் மெகாவாட்டையும் பார்க்காமல், புது மெஷின் ராத்திரி காற்று இல்லாத நேரத்திலும் வோல்டேஜுக்குக் கை கொடுக்குமா என்று கேளுங்கள். இன்றைய இன்வெர்ட்டர்களால் அது முடியும். ஆனால் சும்மா செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்? அதற்கு ஒரு கட்டணம் வையுங்கள்.

சரி, இதற்கும் டவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒரு லைனில் எவ்வளவு அனுப்பலாம் என்பதை முடிவுசெய்வது மூன்று. குட்டையான லைனில், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வரை, கம்பியின் சூடு. அதற்கு மேல் 300 கிலோமீட்டர் வரை வோல்டேஜ். அதையும் தாண்டினால் கிரிட்டின் நிலைத்தன்மை. இரண்டாவது, மூன்றாவது ரகத்தில் கம்பி இன்னும் தாங்கும், ஆனால் வோல்டேஜ் தாங்காது. அங்கே ஒரு ஸ்டாட்காமோ தொடர் கெப்பாசிட்டரோ வைத்தால் புது டவர் இல்லாமலே கூடுதல் மெகாவாட் போகும். முதல் ரகத்தில் ஸ்டாட்காம் வைத்துப் பிரயோஜனம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் கணவாயில் குட்டை லைன்கள்தான் அதிகம். அதற்கும் வழி உண்டு. அதே டவரில் பழைய கம்பியை இறக்கிவிட்டு, அதிக சூட்டிலும் தொய்யாத கம்பியை ஏற்றினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு கரண்ட் போகும். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கம்பி எவ்வளவு தாங்கும் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் அளவு, சுட்டெரிக்கும் வெயில், காற்று மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஆனால் காத்தாடிகள் முழு வேகத்தில் சுற்றி லைன் நிறைவது எப்போது? ஆடி மாதம், காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது. அந்தக் காற்றே கம்பியையும் குளிரவைக்கிறது. கம்பியில் சென்சார் மாட்டி அந்த நேரத்துச் சூட்டைப் பார்த்து அளவை நிர்ணயித்தால், எழுதி வைத்த அளவைவிடக் கூடுதலாக அனுப்பலாம். உலகத்தில் பல நாடுகளில் இது நடைமுறையில் இருக்கிறது. கணவாய்க் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? மே மாதத்துக்குள் இரண்டு லைனில் சோதித்துப் பாருங்கள். செலவு, ஒரு டவர் லைனுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கை மண் அளவு.

டவர் என்றதும் நாங்கள் ஏன் இப்படி எழுந்து உட்காருகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். 2018, 2019-ல் திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள், காட்டுக்குள் இறங்கி அளவெடுப்பைத் தடுத்தார்கள். நிலத்துக்குள் நுழைந்து கம்பி இழுக்க அதிகாரம் தரும் 1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் வந்தால் வேறென்ன செய்வார்கள்? நஷ்ட ஈடு கொஞ்சம் மாறியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே 15 சதவீதம் வரை என்று 2015-ல் சொன்ன மத்திய மின் அமைச்சகம், 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தியது. மாநிலங்கள் எப்படி ஏற்றுக்கொள்கின்றன என்பது தனிக் கதை. ஆனால் தென்னை வைத்திருப்பவனுக்குப் பணம் பாதிதான். கம்பிக்குக் கீழே மறுபடி தென்னை வைக்க முடியாது. வாழையோ சோளமோதான் போடலாம். முப்பது நாற்பது வருடம் காய்க்கும் மரத்துக்கு அது ஈடா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் புகளூர்–திருச்சூர் எச்விடிசி லைனைப் பற்றிப் பேசாமல் போனால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை. 2021 பிப்ரவரி 19 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். 320 கிலோவோல்ட் டிசி, 2,000 மெகாவாட். ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் மாற்றி நிலையம் புது வகையில் அமைந்த, நாட்டின் முதல் எச்விடிசி. சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து 800 கிலோவோல்ட்டில் புகளூர் வரும் மின்சாரத்தின் ஒரு பங்கு இதன் வழியாகத்தான் திருச்சூருக்குப் பக்கத்தில் மாடக்கத்தறைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் இது முழுக்க டவர் மேல் வருகிறது. வடக்கஞ்சேரிக்கு மேற்கே சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்குள் கேபிளாக, ரோட்டோரமாகப் போகிறது. எங்கள் ஜனங்கள் அன்று கேட்ட கேள்வி இதுதான்: அவர்களுக்கு மண்ணுக்குள், எங்களுக்குத் தலைக்கு மேலா?

இரண்டு பக்கமும் வாழ்கிறவன் என்பதால் நியாயத்தையும் சொல்கிறேன். திருச்சூர்ப் பக்கம் வீட்டை ஒட்டி வீடு. டவர் நட இடமே கிடையாது. டிசி கேபிளை இவ்வளவு தூரம் புதைக்கலாம். அதே 400 கிலோவோல்ட் ஏசி என்றால் கேபிளே ஒரு பெரிய கெப்பாசிட்டராக மாறி, அதை அடக்கத் தனியே ரியாக்டர்கள் வைக்க வேண்டிவரும். எல்லா லைனையும் புதைத்துவிடு என்று கேட்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் எங்கே முடியும், எங்கே முடியாது, என்ன செலவு என்ற விவரத்தைத் தோப்புக்காரன் முன்னால் வைத்துப் பேசியிருந்தால், உண்ணாவிரதப் பந்தல் பாதியாகக் குறைந்திருக்கும்.

இந்த லைனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதன் மாற்றி நிலையங்கள் இரண்டு முனையிலும் ஸ்டாட்காம் போலவே வோல்டேஜுக்கு உதவ முடியும். மின்சாரம் கொண்டுபோகாத நேரத்திலும் அந்த வேலையைச் செய்யும். கரண்ட் முழுக்கப் போய்விட்டால் இருட்டில் இருந்து கிரிட்டைத் தட்டி எழுப்பவும் இதற்குத் திறமை உண்டு. எங்கள் தலைக்கு மேல் போகிற இந்தச் சொத்து, வோல்டேஜ் காக்கும் வேலையை வருடத்தில் எத்தனை மணி நேரம் செய்கிறது? வெளியிடுங்கள். அதே கேள்வி உடுமலை ஸ்டாட்காமுக்கும். பழுதாகி நின்ற நேரம் எவ்வளவு? 400 கிலோவோல்ட் நிலையத்தில் வோல்டேஜ் 380-க்கும் 420-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. உடுமலை, ராசிபாளையம், பாலக்காடு நிலையங்களில் அது எத்தனை மணி நேரம் வெளியே போனது, மேலே போனதா கீழே போனதா? காத்தாடிகளை நிறுத்தச் சொன்ன ஒவ்வொரு முறையும் காரணம் சூடா, வோல்டேஜா, வாங்க ஆள் இல்லையா? இந்த விவரங்கள் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் மாதாமாதம் போடுங்கள். புதுக் கருவி எங்கே வேண்டும் என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

இனி வாங்கும் விதம். ஸ்டாட்காம் என்பது நட்டு வைத்துவிட்டு மறந்துபோகிற பொருள் இல்லை. உள்ளே அடுக்கடுக்காக மின்னணு மாட்யூல்கள், அவற்றைக் குளிர்விக்க உப்பு நீக்கிய சுத்தமான தண்ணீர் ஓடும் குழாய்கள், பம்புகள். தண்ணீரில் கொஞ்சம் உப்பு ஏறினாலும், ஒரு பம்பு நின்றாலும் மொத்தக் கருவியும் படுத்துவிடும். விலைப்புள்ளியில் யார் குறைவு என்று பார்த்து வாங்கினால், வாரன்ட்டி முடிந்த அடுத்த வருடம் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டிவரும். உலகத்தில் இந்தக் கருவிகளைப் பெரிய அளவில் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: ஹிட்டாச்சி எனர்ஜி, சீமென்ஸ் எனர்ஜி, ஜிஇ வெர்னோவா, இன்னும் சிலர். எல்லோரிடமும் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. வரிசையில் தனித்தனியாகப் போய் நிற்கும் சின்ன வாடிக்கையாளனுக்கு விலையும் கூடும், காத்திருப்பும் கூடும். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து ஒரே டெண்டராகப் போனால் பேச்சே வேறு. முல்லைப் பெரியாறிலும் பரம்பிக்குளத்திலும் நீங்கள் எப்படியோ போங்கள். வோல்டேஜில் சண்டை போட ஒன்றும் இல்லை.

கருவிக்கு விலை கொடுக்காமல் சேவைக்கு விலை கொடுப்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டனில் 2019 ஆகஸ்ட் 9 அன்று இரண்டு நிலையங்கள் அடுத்தடுத்துக் கழன்று பத்து லட்சம் பேருக்கு மேல் கரண்ட் போனது. அங்கே இனர்ஷியாவைத் தனிச் சரக்காக ஏலம் விட்டு, 2020 தொடக்கத்தில் ஐந்து நிறுவனங்களோடு 12 ஒப்பந்தம் போட்டார்கள். இத்தனை கனம், இத்தனை மணி நேரம், தராவிட்டால் பணம் பிடித்தம். எந்த மெஷினை வைத்துத் தருகிறாய் என்பது விற்கிறவன் பாடு. இங்கே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் கொண்டுவந்த துணைச் சேவை விதிகள் அதிர்வெண்ணைக் காப்பதற்குப் பணம் தருகின்றன. வோல்டேஜுக்கும் கனத்துக்கும் அதே போல ஒரு சந்தை வரட்டும். தென் மண்டல மின் குழு ஒரு முன்மொழிவு எழுதி அனுப்பினால் வேலை தொடங்கிவிடும்.

அப்படி ஒரு கட்டணம் வந்தால், ஏற்கெனவே கையில் இருக்கிற பொருட்களும் சந்தைக்கு வரும். ஜெர்மனியில் மூடிவிட்ட பிப்ளிஸ் அணு மின் நிலையத்தின் ஜெனரேட்டரை 2012-ல் சின்க்ரனஸ் கன்டென்சராக மாற்றிப் பல வருடம் ஓட்டினார்கள். நம்மிடம் எண்ணூர் பழைய அனல் நிலையம் 2017-ல் மூடியது. நெய்வேலி முதல் அனல் நிலையம் 2020-ல் மூடியது. இனி மூடப்போகிற யூனிட்டுகளில் எதையாவது இரும்புக் கடைக்கு எடை போடும் முன் இப்படிப் பார்த்தீர்களா? எங்களுக்கு மேலே ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இருக்கிறது. நீர் மின் ஜெனரேட்டரைத் தண்ணீர் விடாமல் கிரிட்டோடு சுற்றவிட்டு வோல்டேஜுக்கு உதவச் செய்ய முடியும். காடம்பாறையிலும், 500 மெகாவாட் குந்தா நிலையத் திட்டத்திலும் இந்த வசதியைப் பற்றி என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள்?

பேட்டரி விஷயத்தில் நேரம் குறைவாக இருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். 2022-ல் சோலார் கழகத்தின் ஏலத்தில் பேட்டரி சேமிப்புக்கு மாதம் மெகாவாட்டுக்கு 10.8 லட்சம் ரூபாய் என்று போனது. 2025-ல் மத்திய மானியத்தோடு இரண்டரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டு மாநிலமும் இப்போது வாங்கத் தொடங்கியிருக்கின்றன. சாதாரண இன்வெர்ட்டர், கிரிட் எப்படி ஆடுகிறதோ அதைப் பார்த்துத் தானும் ஆடும். கிரிட்டைத் தானே உருவாக்கிப் பிடிக்கும் வகை இன்வெர்ட்டர், மற்றவர்கள் பின்பற்றுகிற அளவுக்கு வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் நிறுத்தும். ஆஸ்திரேலியாவில் 2022 டிசம்பரிலேயே இந்த வகையில் எட்டுப் பெரிய பேட்டரிகளுக்கு அரசு நிதி ஒதுக்கியது. டெண்டர் ஆவணத்தில் ஒரு பத்தி சேர்க்கிற வேலை. இன்று சேர்க்காமல் வாங்கினால், பன்னிரண்டு பதினைந்து வருடத்துக்கு அதே பெட்டிதான் அங்கே உட்கார்ந்திருக்கும். கணவாயின் இரண்டு வாசலிலும், கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒன்று, உடுமலைப் பக்கம் ஒன்று என்று முதலில் வைத்துப் பாருங்கள். மத்தியானம் கேரளத்து வீட்டு மாடிகளில் சோலார் கொட்டும்போதும், சாயங்காலம் காற்று எழும்போதும், இரண்டுக்கும் நடுவே இவை நிற்கும்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். சென்னையில் ஹிட்டாச்சி எனர்ஜி எச்விடிசி தொழிற்சாலை வைத்திருக்கிறது. கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊர். கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஐஐடி இருக்கிறது. இவ்வளவும் இருந்து, எங்கள் ஊர் ஐடிஐ படித்த பையன்கள் இந்த நிலையங்களில் கேட் செக்யூரிட்டி வேலைக்குத்தான் போகிறார்கள் என்றால் மனசு ஆறவில்லை. ஒவ்வொரு கொள்முதல் ஒப்பந்தத்திலும், பராமரிப்புக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். டாங் டெஸ்டர் பிடிக்கத் தெரிந்த கைக்கு, குளிர்விக்கும் தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டர் பிடிக்கத் தெரியாதா?

கேட்டதை எல்லாம் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. தென் மண்டல மின் குழுவின் அடுத்த கூட்டத்தில் பாலக்காட்டுக் கணவாய் என்று தனியாக ஒரு பொருளை நிகழ்ச்சி நிரலில் வையுங்கள். அதற்கு முன் உடுமலையில் ஒன்று, பாலக்காட்டுச் சித்தூரில் ஒன்று என்று இரண்டு கேட்புக் கூட்டம் நடத்துங்கள். ஆவணங்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும், கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பே கைக்குக் கிடைக்கட்டும். சித்திரைக்குள் நடத்தினால் நல்லது. வைகாசி பிறந்தால் காத்தாடிக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
நார் மில்காரன், தென்னை விவசாயி,
கொழிஞ்சாம்பாறை